வாறுகால் ஓட்டையில் வளர்ந்த புற்று

இந்தப் புரட்டாசியில் என் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பூஜை நடந்தது. எனக்கு அழைப்பு இல்லை.

காலையில் காப்பி டம்ளரோடு கொல்லைப்பக்கம் போகிறேன். மூலையில் ஊதுபத்தி புகைகிறது. மஞ்சள், குங்குமம், செவ்வரளிப் பூ. ஒரு சிரட்டையில் பால். ஒரு புற்றின் முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார் பக்கத்து வீட்டு சண்முகத்தாய் மதினி. என் சுற்றுச்சுவருக்குள். என் எலுமிச்சை மரத்துக்குப் பக்கத்தில். கொல்லைக் கதவு திறந்து கிடந்ததாம், வந்துவிட்டாராம்.

“என்ன மதினி இது?”

“சத்தம் போடாதட்டி. உள்ள இருக்கு.”

“எது?”

“அதான்.”

‘அதான்’ என்றால் எது என்று சங்கரன்கோவிலில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன் — பாம்பு. புற்றின் முன்னால் நின்றுகொண்டு அதன் பெயரைச் சொல்லக் கூடாது. அதற்குக் காது கேட்காது என்று யாராவது விளக்க வந்தால், தயவுசெய்து மதினியிடம் போய் விளக்குங்கள். நான் முயன்று பார்த்துவிட்டேன்.

நான் எழுத உட்கார்ந்தது தோட்ட வேலையைப் பற்றி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் என் தங்கை மகள் போன மாதம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். ‘இலையுதிர் காலத் தொடக்கத்தில் தோட்டத்தில் செய்ய வேண்டியவை.’ கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண், உதிர்ந்த சிவப்பு இலைகளை வாரிக் குவிக்கிறாள். வாரும்போதே சிரிக்கிறாள். இலை வாரும்போது எதற்குச் சிரிக்க வேண்டும்?

நம் ஊரில் இலையுதிர் காலம் எங்கே இருக்கிறது? வேப்பமரம் இலை உதிர்ப்பது மாசியில். புரட்டாசியில் அது பாட்டுக்குப் பச்சையாக நிற்கும். உதிர்வது நாம்தான் — வெயிலில். புரட்டாசி வெயில் சித்திரை வெயிலைவிட மோசம். புழுங்கித் தள்ளும். பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மழை வரும். வெயில், அப்புறம் வெள்ளம். நடுவில் கம்பளிச் சட்டை போடுகிற அளவுக்கு எதுவும் இல்லை.

ஆகவே நம் ஊர்த் தோட்டக்காரர்களுக்கு இந்த மாதத்தில் வேலை ஒன்றுதான். மழைக்குத் தயாராவது. முருங்கையை வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் விட்டால் ஐப்பசிக் காற்றில் கிளை முறியும். முறியாத கிளையிலிருந்து கம்பளிப்பூச்சி இறங்கிச் சுவர் முழுக்க ஊர்வலம் போகும். வாழைக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். எலுமிச்சைக்குக் கோடையில் பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்குவோம் இல்லையா, அதை இப்போது உடைத்துத் தூரில் மண் அணைக்க வேண்டும். அடிமரத்தில் தண்ணீர் நின்றால் பட்டை அழுகிவிடும். மிளகாய், கத்தரி நாற்று விட்டிருந்தால் அதற்கு மேலே ஓலை போட வேண்டும். கீரை விதைக்கிறேன் என்று யாராவது பாக்கெட்டைப் பிரித்தால் பிடுங்கி வையுங்கள். முதல் பெருமழையில் விதை அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

இதெல்லாம் இரண்டாவது. முதல் வேலை, தண்ணீர் வெளியே போகும் வழியைத் திறந்து வைப்பது. மற்றது எதைச் செய்யாவிட்டாலும் செடிதான் சாகும். இதைச் செய்யாவிட்டால் வீடு போகும்.

என் விஷயத்தில் வீடு இல்லை. தறி.

எங்கள் தோட்டத்தின் கோடியில் தறிக்கூடம் இருக்கிறது. விசைத்தறிகள், தரையோடு தரையாக மோட்டார்கள். தோட்டத்துத் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம்தான் சரியும். சரிந்து, பின்சுவரின் மூலையில் இருக்கும் ஓட்டை வழியாக வெளியேறி, சந்தில் ஓடும் சாக்கடையில், எங்கள் ஊர்ப் பேச்சில் வாறுகாலில், விழும். போன ஐப்பசியில் அந்த ஓட்டையில் ஒரு பழைய சாக்கு அடைத்துக்கொண்டது. ஒரே மழை. தண்ணீர் கூடத்துக்குள் ஏறி, மோட்டார் காயில்கள் போய்விட்டன. தீபாவளிச் சேலை, தறியில் ஏற்றிய பாவு நூலோடு பாதியில் நின்றது. ஊரெல்லாம் தறிச் சத்தம்; எங்கள் வீட்டில் மட்டும் சுவர்க்கடிகாரச் சத்தம். சேலை கேட்டிருந்த வியாபாரி வந்து பார்த்துவிட்டு, அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு போனார். திட்டிவிட்டுப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்த வருஷம் மறுபடி அவரே சேலை கேட்டிருக்கிறார். இன்னொரு முறை கேட்க மாட்டார்.

அந்த ஓட்டையின் வாயில்தான், ஐயா, புற்று வளர்ந்திருந்தது.

எப்படி வளர்ந்தது? என் வீட்டுக்காரர் ஒரு பொருளைத் தூக்கி எறிய மாட்டார். பழைய தறியைக் கழற்றிய கட்டைகளைக் கோடையில் கொண்டுபோய் அந்த மூலையில் அடுக்கினார். “எதுக்காவது ஆகும்,” என்றார். ஆயிற்று. கரையானுக்கு ஆயிற்று. கட்டையைத் தின்று, மண்ணைக் கட்டி, என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோபுரம். கோடையில் யாரும் அந்த மூலைக்குப் போகவில்லை. மழை இல்லாத காலத்தில் ஓட்டையை யார் பார்க்கிறார்கள்?

எங்களுக்குத் தோட்ட வேலைக்கு வருகிறவர் மாடசாமி. பூஜை நடந்த அன்றைக்கே அவரைக் கூப்பிட்டேன். முருங்கையை வெட்டினார். எலுமிச்சைக்கு மண் அணைத்தார். வாழைக்கு முட்டுக்கொடுத்தார். எல்லாம் வேகமாக, சுத்தமாக. மூலைக்கு வந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“இது எனக்கு ஆகாதுக்கா.”

“என்ன ஆகாது? மண்ணுதானே?”

“மண்ணுதான். மஞ்ச வச்சிருக்குல்லா.”

“இன்னைக்குக் காலையில வச்சது மாடசாமி. நேத்து வந்திருந்தா வெட்டியிருப்பீரா?”

யோசித்தார். நேர்மையான மனிதர்.

“நேத்து வெட்டியிருப்பேன்க்கா. இன்னைக்கு முடியாது. நான் புள்ளகுட்டிக்காரன்.”

என் வீட்டுக்காரர் அங்கேதான் நின்றார். அவர் எப்போதுமே அங்கேதான் நிற்பார். “அவரு சொல்லுததும் சரிதான். கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்,” என்றார்.

“எது வரைக்கும்?”

“அதுவா கரைஞ்சிரும்.”

மனிதர்கள் எந்த வேலையைச் செய்யப் பயப்படுகிறார்களோ அந்த வேலை தானாக நடந்துவிடும் என்று நம்புவார்கள். முப்பது வருஷமாக நான் இந்த நம்பிக்கையோடு குடும்பம் நடத்துகிறேன்.

நான் நேரே மதினி வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

“மதினி, அந்தப் புத்த இடிக்கணும். தண்ணி போற வழி அடைச்சுக் கெடக்கு.”

“ஐயோ! என்னட்டி பேசுத! எந்த ஊருல இருந்துகிட்டுப் பேசுத!”

அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. புற்றுமண்ணைப் பிரசாதமாக நெற்றியில் பூசுகிற ஊர் இது. வீட்டில் பாம்பையோ தேளையோ பார்த்தால் அதன் உருவத்தைத் தகட்டில் வாங்கிக் கோவிலில் காணிக்கை போடுகிற ஊர். என் வீட்டு சாமி மாடத்திலும் புற்றுமண் இருக்கிறது. உடம்பில் தடிப்பு வந்தால் நானும்தான் பூசிக்கொள்கிறேன். ஆனால் அது கோவில் புற்று. இது என் வீட்டுக்காரரின் கட்டைப் புற்று.

“உள்ள இருக்குன்னு நீங்க எப்பிடிக் கண்டீங்க?”

“எங்க பாத்ரூமுல கண்டேன்லா! வாளிக்குப் பின்னால சுருண்டு கெடந்துச்சு. அன்னைக்கே அம்மனுக்கு நேந்துகிட்டேன். மறுநா பாத்தா இல்ல. எங்கன போச்சுன்னு தேடுனா, சுவத்து மேல ஏறிப் பாக்கேன்... ஒங்க வீட்டுல புத்து!”

“அதுக்குள்ள போனதப் பாத்தீங்களா?”

“பாக்கணுமாக்கும்? வேற எங்க போவும்?”

பிறகுதான் உண்மை வந்தது. சுளகைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“இங்கேரு. அது அங்கன நிம்மதியா இருக்கு. பாலு நான் ஊத்துதேன். பூ நான் வைக்கேன். ஒனக்கு ஒரு செலவும் கெடையாது. நீ அத இடிச்சேன்னு வையி, அது திரும்ப எங்க பாத்ரூமுக்குத்தான் வரும்.”

ஆக, பக்தி ஒன்றும் இல்லை. வாடகை. பாம்பு என் வீட்டில் குடியிருக்க, மதினி பாலாகக் கட்டும் வாடகை.

பாம்பு எல்லோருக்கும் பிடிக்கும். பக்கத்து வீட்டில் இருந்தால்.

மறுநாளிலிருந்து கூட்டம் கூடிவிட்டது. தெருவில் இருக்கிற பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். என் மிளகாய் நாற்றின் மேல் நடந்து வந்தார்கள். ஒருவர் முட்டை வைக்கலாமா என்று கேட்டார். புரட்டாசி மாசம், முட்டை கூடாது என்று இன்னொருவர் தடுத்தார். அந்த மாதம் முழுக்கப் பாம்பும் விரதம். சிரட்டைப் பாலைப் பாம்பு குடித்ததாக எல்லோரும் சொன்னார்கள். குடித்தது எறும்பு. எறும்பு வரிசை அங்கிருந்து கிளம்பி என் அடுப்படி வரைக்கும் வந்தது. ஒரு நாள் காலையில் காப்பி போட பிரிட்ஜைத் திறக்கிறேன்... பால் பாக்கெட் இல்லை. என் வீட்டுக்காரர் எடுத்துப்போய் ஊற்றியிருக்கிறார்.

“நீங்களுமா?”

“நம்ம வீட்டுல இருக்கு. நாம ஊத்தலேன்னா நல்லாவா இருக்கும்?”

கட்டன் காப்பி குடித்தேன். கோபத்துக்கு அது ஒத்துப்போனது.

அப்புறம் ஒரு சாயங்காலம் மேற்கே மலைப் பக்கம் இருட்டியது. இடி. அரைகுறை மழைதான், பெருமழை இல்லை. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. ஆனால் தோட்டத்தில் விழுந்த தண்ணீர் போகவில்லை. சரிந்து சரிந்து போய், புற்றில் முட்டி, திரும்பித் தறிக்கூடத்தின் வாசற்படியைத் தொட்டுக்கொண்டு நின்றது. கரைந்துவிடும் என்றாரே, அந்தப் புற்று கரையவில்லை. குளித்துவிட்டு வந்த மாதிரி பளபளவென்று நின்றது. என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியால் தண்ணீரை மொண்டு மொண்டு சுவருக்கு வெளியே ஊற்றினார். உள்ளே தறியில் தீபாவளிச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. மாம்பழ நிறம். அவர் மொண்டுகொண்டே அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அந்த நிமிஷம் எனக்குக் கோபம் போய்விட்டது. கோபம் போனால்தான் எனக்கு யோசனை வரும்.

அடுத்த நாள் காலையில் மாடசாமியை வரச் சொன்னேன். புற்றுப் பக்கமே போகவில்லை. எங்கள் வீட்டுக்கும் மதினி வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் செலவில், எங்கள் மண்ணில் கட்டிய சுவர் அது. அடியில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டேன்.

“இங்கன ஒரு ஓட்ட போடும்.”

“தண்ணி அந்த வீட்டுக்குல்லாக்கா போவும்?”

“அவங்க முத்தத்துல போயி, அந்தப் பக்கம் வாறுகாலுல விழுந்துரும். புத்துக்கு ஒரு சேதமும் இல்ல.”

உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டவில்லை, சுவருக்கு மேல் மதினியின் தலை.

“ஏட்டி! என்ன செய்யுத?”

“தண்ணிக்கு வழி செய்யுதேன் மதினி.”

“எங்க முத்தத்துலயா! எங்க அடுப்படி தாழ்வால்லா இருக்கு! அரிசி மூட்டையெல்லாம் கீழ கெடக்கு!”

“அம்மன் பாத்துக்கிடுவா மதினி. அவளுக்குத்தானே வழி விடுதோம்.”

மதினி என்னைப் பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார். மலைப் பக்கம் பார்த்தார். மேகம் கட்டியிருந்தது.

“பொறு,” என்றார். “நான் உத்தரவு கேட்டுட்டு வாரேன்.”

குளித்து, சேலை மாற்றி, கோவிலுக்குப் போனார். போய்த் திரும்பியவர் நேரே எங்கள் கொல்லைக்கு வந்தார். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாக மடித்துப் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னாராம். வெள்ளை வந்தால் சம்மதம்.

“வெள்ள வந்துட்டு. எடுத்துரலாம்.”

“சிவப்பு வந்திருந்தா?”

“திரும்பப் போட்டுப் பாத்திருப்பேன். என்ன கேள்வி கேக்க?”

நம் சாமிகளிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். கேட்கிறவர் களைத்துப்போகும் வரை பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

புற்றிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டார் மதினி. இனி அதுதான் சாமியாம். அதைக் கோவிலில் சேர்த்துவிடுவாராம். மிச்சம் இருப்பது வெறும் மண். அவ்வளவுதான், வெட்டலாம்.

யார் வெட்டுவது?

மாடசாமி மண்வெட்டியை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். “மொத வெட்டு நீங்க போடுங்கண்ணாச்சி. அப்புறம் நான் அள்ளிருதேன்.”

“எனக்கு இடுப்புப் பிடிப்பு வே,” என்றார் அவர். முந்தின நாள் சாயங்காலம் முழுக்கத் தண்ணீர் மொண்ட இடுப்பு. நம்பலாம்தான். மண்வெட்டியை என்னிடம் கொடுத்தார்.

இத்தனை நாளாக அது மண், அது மண் என்று கத்திய ஆள் நான். வாங்கினேன். ஓங்கினேன். உச்சியில் குங்குமம் இன்னும் ஈரமாக இருந்தது. பக்கவாட்டில் ஒரு பொந்து, கறுப்பாக, என் முகத்துக்கு நேரே. உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். கரையான் கட்டியது, கட்டையைத் தின்று கட்டியது. எல்லாம் தெரியும்.

கை இறங்கவில்லை.

“என்னட்டி, சாமி ஆடப் போறியா?” என்றார் மதினி.

“வெயிலு கண்ணக் கூசுது,” என்றேன். மேகமூட்டமான நாள்.

மதினி என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினார். முந்தானையை இடுப்பில் சொருகினார். ஒரு தடவை தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அரிசி மூட்டையை நினைத்திருப்பார்.

“தாயே, நீ முடிச்சுக்குள்ள வந்துட்ட. இது வெறும் மண்ணு,” என்று சொல்லி, ஒரே போடு.

கோபுரம் பாதியாகப் பிளந்தது. அடுத்த போட்டில் அடி வரைக்கும் திறந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் பின்னால் நகர்ந்தோம். மாடசாமி கொஞ்சம் அதிகமாகவே நகர்ந்து, வாழைக்குப் பின்னால் நின்றார்.

உள்ளே... தேன்கூடு மாதிரி அறை அறையாக மண். வெள்ளைக் கரையான்கள் சிதறி ஓடின. அடியில் தறிக்கட்டையின் மிச்சம், பஞ்சு போல. வேறு ஒன்றும் இல்லை. உரித்துப் போட்ட சட்டை கூட இல்லை.

“பாத்தீங்களா மதினி? நான் சொன்னேன்லா!” என்றேன். கை இறங்காதவளின் குரல் மாதிரியே இல்லை. சத்தமாகத்தான் வந்தது.

மதினி சந்தோஷப்படவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். மஞ்சள் முடிச்சைப் பார்த்தார். பிளந்த மண்ணைப் பார்த்தார்.

“அப்போ அது எங்கன இருக்கு?”

மாடசாமி வாழைக்குப் பின்னாலிருந்து அவசரமாக வெளியே வந்துவிட்டார்.

மண்ணை அள்ளி, ஓட்டையைக் கம்பியால் குத்தித் திறந்தோம். மிச்சக் கட்டைகளைக் கொளுத்தினேன். என் வீட்டுக்காரர் “எதுக்காவது ஆகும்” என்று தடுக்கவில்லை. முதல்முறையாக.

இரண்டு நாளில் வந்தது மழை. அசல் ஐப்பசி மழை, தேதி பார்க்காமல் புரட்டாசியிலேயே. வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. நான் குடையோடு கொல்லையில் நின்று பார்த்தேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழன்று சுழன்று போய், அந்த ஓட்டையில் குடுகுடுவென்று இறங்கியது. எலுமிச்சை அடியில் ஒரு சொட்டு நிற்கவில்லை. தறிக்கூடத்து வாசற்படி காய்ந்து கிடந்தது. உள்ளே தறிகள் ஓடின. மழைச் சத்தத்தை மீறி அந்தச் சத்தம் கேட்டபோது... சரி, அதையெல்லாம் எழுதுகிற ஆள் நான் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடை தெரிந்தது.

“தண்ணி போவுதாட்டி?”

“போவுது மதினி.”

“தறி?”

“ஓடுது மதினி.”

மதினி குடையைத் தாழ்த்திக்கொண்டு சுவரோரம் வந்தார்.

“அது... அந்தப் பக்கம் வந்துச்சா?”

“வரல மதினி. அங்க?”

“இங்கயும் வரல.”

பிறகு இரண்டு வீட்டிலும் கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டோம். மழைக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.